கிர்க்பி ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் நம் தோட்டப் பள்ளிகளும்



ஒரு பள்ளியின் சிறப்பு எதனால் அமைகின்றது என்று வினவினால், நம்மில் பலரும் கட்டடத்தையே முதலில் சுட்டுவர். கல்லால் எழுப்பிய கட்டடம், அகன்ற திடல், கணினி அறை ஆகியவை இருந்தால் அது நல்ல பள்ளி என்று கொள்வது உலக வழக்கமாகிவிட்டது. இவை தேவையற்றவை என்று கூறுவது என் கருத்தன்று. ஆயினும் இவை யாவும் அமைந்து, கற்பிக்கத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் இல்லையெனில், அவ்விடம் நிழல் தரும் கூரையேயன்றிப் பள்ளி ஆகாது. கற்பித்தல் என்பது கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு தொழில். இந்த உண்மையை உணர்ந்த நம் நாடு, ஒரு காலத்தில் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், அந்நிய மண்ணில், ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்தியது. இங்கிலாந்து நாட்டில் கிர்க்பி என்னும் ஊரில் இயங்கி இன்று இல்லாதுபோன அக்கல்லூரியின் வரலாற்றையும், அவ்வரலாற்றில் நம் தோட்டப் பள்ளிகளின் நிலை யாதாக இருந்தது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

கற்பித்தலும் ஒரு தொழிலே

"படித்தவர் எவரும் பாடம் சொல்லலாமே, அதற்கும் ஒரு பயிற்சியா?" என்று சிலர் எண்ணக்கூடும். பால்மரம் சீவும் தொழிலாளி இவ்வாறு எண்ணமாட்டார். உளி ஆழமாகச் சென்றால் மரம் காயப்படும். மறுபடி வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பின்னாளில் அவ்விடத்தைச் சீவ இயலாது போகும். உளி மேலோட்டமாகச் சென்றாலோ பால் இறங்காது. அளவறிந்து சீவும் திறம் ஒரே நாளில் கைவருவதன்று. அதனால்தான் புதிதாக வேலைக்கு வருபவரை நேரே நல்ல மரங்களிடம் விடுவதில்லை. தேர்ந்த ஒருவர் அருகிலிருந்து கைபிடித்துக் கற்றுக்கொடுக்கின்றார்.

மரத்திற்கே இத்துணைக் கவனம் வேண்டுமெனில், ஏழு வயதுக் குழந்தையின் மனத்திற்கு எத்துணைக் கவனம் வேண்டும்! கடிந்து கற்பித்தால் குழந்தை அஞ்சி ஒடுங்கும். அக்காயம் ஆண்டுகள் பல ஆனாலும் ஆறாது. பொருட்படுத்தாமல் கற்பித்தால் எதுவும் உள்ளே இறங்காது.

இதனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் என்னும் இலக்கண நூல், எழுத்தையும் சொல்லையும் கூறப் புகுமுன், நல்லாசிரியர் யார் என்பதை விளக்குகின்றது. நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகிய நான்கையும் ஆசிரியருக்கு உவமையாக்குகின்றது அந்நூல். நிலத்தின் பொறுமையும், மலையின் நிலைபேறும், துலாக்கோலின் நடுநிலையும், மலரின் மென்மையும் ஒருங்கே வாய்த்தவரே ஆசிரியர் என்பது அதன் கருத்து. இவை நான்கும் எல்லாரிடத்தும் பிறவியிலேயே அமைந்துவிடுவதில்லை. பயிற்சியால் வளர்த்துக்கொள்ள வேண்டியவை அவை.

போருக்கு முந்திய மலாயா

நம் நாட்டில் ஆசிரியர் பயிற்சி எப்போது தொடங்கியது? மலாய்ப் பள்ளிகளுக்கான ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் முயற்சி 1878ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரின் தெலுக் பிளாங்காவில் தொடங்கிற்று. 1922ஆம் ஆண்டு பேரா மாநிலத்தின் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. அக்கல்லூரி, நாட்டுப்புற மலாய்ப் பிள்ளைகளை ஆசிரியர்களாகவும் எழுத்தாளர்களாகவும் தேசியச் சிந்தனையாளர்களாகவும் உருவாக்கிய பெருமையுடையது. நகரங்களிலிருந்த ஆங்கிலப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கோ, பணியிலிருந்தவாறே பயிலும் பயிற்சி வகுப்புகள் நடந்தன.

தோட்டத் தமிழ்ப் பள்ளிகளின் நிலை வேறு. 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும், பின்னர் வந்த 1923ஆம் ஆண்டுச் சட்டமும், ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் ஒரு தோட்டத்தில் இருந்தால், அங்கே பள்ளி அமைக்க வேண்டுமென்று தோட்ட நிர்வாகத்தைப் பணித்தன. பள்ளி அமைக்கச் சட்டம் இருந்தது; பயிற்சி பெற்ற ஆசிரியரை அமர்த்த வழி இல்லை. ஆகவே பல தோட்டங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ, கிராணியோ, வேறு யாரேனும் ஒருவரோ வகுப்பை நடத்தினர். தமிழ்ப் பள்ளிகளைக் கண்காணிக்கவென ஒரு கண்காணிப்பாளர் 1930ஆம் ஆண்டில்தான் அமர்த்தப்பட்டார்.

இவ்விடத்தில் ஒன்றை மறவாது சொல்ல வேண்டும். பயிற்சி பெறாத அவ்வாசிரியர்களை நாம் இகழ்தல் தகாது. காலையில் பெரட்டுக்கு நின்று, கணக்கெழுதி, அதன்பின் ஒரே கொட்டகையில் பல வகுப்புப் பிள்ளைகளையும் ஒருங்கே அமர்த்தி அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள். நம் தாத்தாமாரும் பாட்டிமாரும் கையெழுத்திடக் கற்றது அவர்களிடத்தில்தான். குறை அவர்களுடையதன்று, அவர்களைப் பயிற்றுவிக்க வேண்டியவர்கள் பயிற்றுவிக்காததே குறை.

ஆசிரியர் பஞ்சம்

1941ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கிற்று. 1945 வரை நீடித்த அவ்வாட்சியில் பள்ளிகள் பல மூடப்பட்டன. ஆசிரியர்கள் பலர் மாண்டனர், பலர் வேறு தொழிலை நாடினர். போர் முடிந்து பள்ளிகள் மீண்டும் திறந்தபோது, ஆண்டுக்கணக்கில் படிப்பை இழந்திருந்த பிள்ளைகளும், புதிதாகப் பள்ளி வயதை எட்டிய பிள்ளைகளும் ஒருசேர வந்து குவிந்தனர். பிள்ளைகள் இருந்தனர், ஆசிரியர் இல்லை.

1948ஆம் ஆண்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. கம்யூனிஸ்டுப் படையினரின் தாக்குதலும் அரசாங்கத்தின் எதிர் நடவடிக்கையும் நாட்டை அலைக்கழித்தன. தோட்டங்களைச் சுற்றி முள்வேலியும் ஊரடங்கும் வந்தன. அந்நிலையில் புதிய கல்லூரியை எழுப்புவது காலம் பிடிக்கும் செயலாக இருந்தது. ஆசிரியர்களுக்கு ஆசிரியராக விளங்கக்கூடிய விரிவுரையாளர்களும் உள்நாட்டில் போதிய அளவில் இல்லை.

ஆனால் பொருள் வளம் இருந்தது. 1950ஆம் ஆண்டு கொரியப் போர் மூண்டதும் உலகச் சந்தையில் ரப்பரின் விலை வெகுவாக உயர்ந்தது. ரப்பர், ஈயம் ஆகிய இரண்டின் ஏற்றுமதியால் மலாயா அரசாங்கத்தின் கருவூலம் நிறைந்தது. விடியுமுன் எழுந்து, வாளி சுமந்து, நிரை நிரையாய் நடந்த நம் மூத்தோரின் உழைப்பும் அக்கருவூலத்தில் சேர்ந்தது என்பதை இங்கு நினைவிற் கொள்க. பின்னர் இதன் தொடர்பில் ஒரு செய்தி வரும்.

ஆயுதச் சாலையின் விடுதி

இங்கிலாந்தின் வடமேற்கில், லிவர்பூல் துறைமுக நகருக்கு அருகில் உள்ளது கிர்க்பி. இரண்டாம் உலகப் போரின் போது அங்கே அரசாங்க ஆயுதத் தொழிற்சாலை ஒன்று இயங்கியது. பீரங்கிக் குண்டுகளில் வெடிமருந்து நிரப்பும் தொழிற்சாலை அது. உச்ச நிலையில் 20,000க்கும் மேற்பட்டோர் அங்கு வேலை செய்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். தொழிலாளர் தங்குவதற்கென வரிசை வரிசையாக விடுதிக் கட்டடங்கள் கட்டப்பட்டன. நம் தோட்டத்து லயங்களைப் போன்று, அழகைக் கருதாது தேவையைக் கருதி விரைந்து எழுப்பிய கட்டடங்கள் அவை.

போர் முடிந்தபின் குண்டுகள் தேவைப்படவில்லை, ஆசிரியர்கள் தேவைப்பட்டனர். பிரிட்டனிலும் அன்று ஆசிரியர் பஞ்சம் நிலவியது. படையிலிருந்து திரும்பிய ஆடவரையும் போர்ப்பணி ஆற்றிய மகளிரையும் ஏறத்தாழ ஓராண்டுக் காலத்தில் ஆசிரியராக்கும் அவசரப் பயிற்சித் திட்டம் ஒன்றை அந்நாட்டு அரசாங்கம் நடத்தியது. 1951ஆம் ஆண்டு வரை நடந்த அத்திட்டத்தின்வழி ஏறத்தாழ 35,000 ஆசிரியர்கள் உருவாயினர். கிர்க்பி விடுதியும் அப்பணிக்குப் பயன்பட்டது. அத்திட்டம் முடிவுற்றதும், படுக்கையறைகளும் சமையற்கூடமும் வகுப்பறைகளும் கொண்ட அவ்விடம் வெறுமையாகும் நிலை வந்தது. இங்கே மலாயாவிலோ கல்லூரிக்கு இடமில்லை. இவ்விரு நிலைமைகளும் ஒன்றோடொன்று பொருந்தியதே கிர்க்பிக் கல்லூரியின் தோற்றத்திற்குக் காரணமாயிற்று.

1952ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மலாயா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி கிர்க்பியில் தன் பணியைத் தொடங்கியது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 150 பேர் சேர்க்கப்பட்டனர். பயிற்சிக் காலம் ஈராண்டு. ஆகவே எந்நேரமும் ஏறத்தாழ 300 மலாயா இளைஞர்களும் இளம்பெண்களும் அங்கே பயின்று வந்தனர்.

பயிற்சியும் வாழ்வும்

ஆங்கிலப் பள்ளியில் பயின்று, பள்ளிச் சான்றிதழ்த் தேர்வில் தேறியவர்களே கிர்க்பிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என எல்லா இனத்தவரும் அவர்களுள் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் அதுவரை தம் மாநிலத்தை விட்டே வெளியிற் செல்லாதவர். நம் மெர்சிங் கடற்கரையில் ஆண்டிறுதிப் பருவமழையே கடுங்குளிர் என்று எண்ணுகின்றோம். அவர்களோ பனி உறையும் குளிர்காலத்தில், மாலை நான்கு மணிக்கே இருள் சூழும் நாட்டில் வாழப் பழகினர்.

ஆசிரியர் பயிற்சியில் மூன்று பகுதிகள் உண்டு. அன்றும் இன்றும் அவை மாறவில்லை. முதலாவது, கற்பிக்கப் போகும் பாடத்தைத் தாமே ஐயமறக் கற்பது. இரண்டாவது, குழந்தையை அறிவது; எவ்வயதில் எதனைக் குழந்தை விளங்கிக்கொள்ளும், எதனால் அதன் கவனம் சிதறும், ஏன் ஒரு குழந்தை பேசாமல் ஒதுங்குகின்றது என்பனவற்றை ஆராய்வது. மூன்றாவது, உண்மையான வகுப்பில் நின்று கற்பிப்பது. பயிற்சி ஆசிரியர் பாடத்திட்டத்தை முன்னரே எழுதி வைப்பார். விரிவுரையாளர் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து ஒவ்வொன்றையும் கவனிப்பார். குரல் எட்டியதா, கரும்பலகையில் எழுத்து நேராக இருந்ததா, கடைசி வரிசைப் பிள்ளைக்கும் வினா சென்றதா என்றெல்லாம் குறிப்பெழுதுவார். பாடம் முடிந்தபின் குறை நிறைகளை எடுத்துரைப்பார். கிர்க்பி மாணவர்கள் சுற்றுவட்டாரத்திலிருந்த ஆங்கிலேயப் பிள்ளைகளின் பள்ளிகளிலேயே இப்பயிற்சியைப் பெற்றனர். ஆளப்பட்ட நாட்டின் பிள்ளைகள், ஆண்ட நாட்டின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தனர் என்பது எண்ணி மகிழத்தக்க செய்தியாகும்.

வகுப்பறைக்கு வெளியே கிடைத்த பயிற்சி அதனினும் பெரிது எனலாம். உள்நாட்டில் மலாய்ப் பிள்ளைகள் கம்பத்திலும், சீனப் பிள்ளைகள் நகரத்திலும் புதுக்கிராமத்திலும், தமிழ்ப் பிள்ளைகள் தோட்டத்திலுமாகப் பிரிந்து வாழ்ந்த காலம் அது. கிர்க்பியிலோ எல்லா இனத்தவரும் ஒரே கூரையின்கீழ் உறங்கி, ஒரே கூடத்தில் உண்டு, ஒருவர் பண்டிகையை மற்றவர் கொண்டாடினர். தொலைதூர நாட்டில் "எந்த ஊர்?" என்று பிறர் வினவுகையில், "மலாயா" என்னும் ஒரே விடையே எல்லாருக்கும் உரியதாயிற்று. நாடு உருவாகுமுன்னரே நாட்டு மக்களாக வாழப் பழகியவர்கள் அவர்கள்.

1956 பிப்ரவரி 7

மாணவச் செல்வங்களே, நம் நாடு 1957ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் விடுதலை பெற்றதை நீங்கள் அறிவீர்கள். அந்நாளைப் பற்றிய அறிவிப்பு எங்கே வெளியிடப்பட்டது என்று கேட்டால், மலாக்காவின் பண்டார் ஹீலிர் திடல் என்று பலரும் விடையிறுப்பர். 1956ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 20ஆம் நாள் துங்கு அப்துல் ரகுமான் அங்கே பெருங்கூட்டத்தின் முன் அறிவித்தது உண்மையே. ஆயினும் அதற்கு முன்னரே அச்செய்தியைத் துங்குவின் வாயால் கேட்டவர்கள் கிர்க்பிக் கல்லூரியின் மாணவர்கள்.

அவ்வாண்டு சனவரியில் துங்குவின் தலைமையில் ஒரு தூதுக்குழு இலண்டனுக்குச் சென்று, விடுதலை குறித்துப் பிரிட்டிஷ் அரசாங்கத்துடன் பேச்சு நடத்தியது. பேச்சு வெற்றியடைந்தது. உடன்படிக்கை பிப்ரவரி 8ஆம் நாள் கையெழுத்தாயிற்று. அதற்கு முதல் நாள், 7ஆம் நாள், துங்கு கிர்க்பிக்கு வந்து, 1957 ஆகஸ்டு 31ஆம் நாளே விடுதலைக்குக் குறிக்கப்பட்ட நாள் என்பதை அங்குள்ள பயிற்சி ஆசிரியர்களிடம் அறிவித்தார்.

விடுதலைச் செய்தியை முதலில் கேட்கும் பேறு வருங்கால ஆசிரியர்களுக்கு வாய்த்தது தற்செயலாகவும் இருக்கலாம். எனினும் அதில் ஒரு பொருத்தம் உண்டு. கொடியை ஏற்றுவது ஒருநாட் பணி. அக்கொடியின் கீழ் நிற்கும் குழந்தைகளுக்கு எழுத்தறிவிப்பது நாள்தோறும் நடைபெற வேண்டிய பணி. அப்பணி அவர்கள் கையிலன்றோ இருந்தது!

முடத்தெங்கு

இதுகாறும் கூறியவை கிர்க்பியின் பெருமை. இனி, இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் நடுநிலையுடன் காண்போம்.

கிர்க்பி, ஆங்கிலப் பள்ளியில் பயின்றவரைத் தேர்ந்தெடுத்தது. ஆங்கிலம் பயிற்றுமொழியாகிய பள்ளிகளுக்கே அவர்களை ஆயத்தப்படுத்தியது. அங்கே சென்ற இந்தியர்களுள் தமிழர்களும் இருந்தனர். அவர்கள் திரும்பி வந்து நகரத்துப் பள்ளிகளில் சிறப்புறப் பணியாற்றினர். ஆனால் தோட்டத் தமிழ்ப் பள்ளியின் ஆசிரியருக்குக் கிர்க்பியில் இடமில்லை. அக்காலத்தில் தமிழ்ப் பள்ளியிலேயே ஏழாம் வகுப்புத் தேறியவர் பலர் அங்கேயே ஆசிரியராக அமர்ந்தனர். அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் வார இறுதியிலும் விடுமுறையிலும் நடந்த பகுதிநேர வகுப்புகளே. ஐந்து நாள் கற்பித்து, ஆறாம் நாள் சைக்கிளிலோ பேருந்திலோ நகருக்குச் சென்று கற்று வந்தனர். ஓய்வு என்பதை அவர்கள் அறியவில்லை.

நம் கடற்கரையோரம் சாய்ந்து நிற்கும் தென்னைகளைப் பார்த்திருப்பீர்கள். நன்னூலில் பவணந்தியார் முடத்தெங்கு என்றோர் உவமை கூறுகின்றார். நீர் வார்த்து வளர்த்தவர் ஒருவராக இருக்க, வேலி தாண்டி வளைந்து, வேறொருவர் முற்றத்தில் காய்களை உதிர்க்கும் தென்னை அது. ஆசிரியர் ஆகாதாரின் குணம் ஒன்றைக் காட்டவே அவர் அதனைக் கூறினார். எனினும் 1950களின் கல்வி நிலைக்கும் அவ்வுவமை பொருந்துகின்றது. ரப்பரால் நிறைந்த கருவூலத்திற்கு நீர் வார்த்தவர்களுள் நம் மூத்தோரும் இருந்தனர். காய் விழுந்ததோ நகரத்துப் பள்ளியின் முற்றத்தில். இதனைக் கூறுவது கிர்க்பியில் பயின்ற ஆசிரியர்களைக் குறை சொல்வதற்கன்று. ஒரு சமுதாயத்தின் பிள்ளைகளுக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் கிடைக்கத் தாமதமானால், அதன் விளைவைப் பல தலைமுறைகள் சுமக்கும் என்பதை உணர்த்துவதற்கே.

கல்லூரி மூடப்பட்டது

வெளிநாட்டில் கல்லூரி நடத்துவது என்றென்றைக்குமான ஏற்பாடன்று. கிர்க்பி மட்டும் போதாமையால், 1955ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் உல்வர்ஹாம்டன் நகருக்கு அருகில் பிரின்ஸ்போர்டு லாட்ஜ் என்னும் மற்றொரு கல்லூரியும் தொடங்கப்பட்டிருந்தது. அதே வேளையில் உள்நாட்டிலும் கல்லூரிகள் எழலாயின. 1954இல் கோத்தா பாருவிலும், 1957இல் பினாங்கிலும் கல்லூரிகள் தோன்றின. விடுதலை பெற்ற நாடு தன் ஆசிரியர்களைத் தன் மண்ணில், தன் தேசிய மொழிக்கும் பாடத்திட்டத்திற்கும் ஏற்ப உருவாக்கிக்கொள்வதே முறை. ஆகவே 1962ஆம் ஆண்டில் கிர்க்பியும், 1964ஆம் ஆண்டில் பிரின்ஸ்போர்டு லாட்ஜும் மூடப்பட்டன. கிர்க்பியின் விடுதிக் கட்டடங்கள் இன்று இல்லை.

அப்பத்தாண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களைக் கிர்க்பி நாட்டுக்கு அளித்தது. அவர்கள் தலைமையாசிரியர்களாகவும், கல்வி அதிகாரிகளாகவும், பிற்காலக் கல்லூரிகளின் விரிவுரையாளர்களாகவும் விளங்கினர். அவர்களிடம் பயின்றவர்கள் மீண்டும் ஆசிரியராயினர். கட்டடம் மறைந்த பின்னரும் கல்லூரி தொடர்ந்தது என்று கூறுவது இப்பொருளில்தான்.

நம் பள்ளிக்கு வந்த மாற்றம்

1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை, எல்லா மொழிப் பள்ளிகளுக்கும் பொதுவான பாடத்திட்டத்தை வகுத்தது. தமிழ்ப் பள்ளிகள் நாட்டின் கல்வி அமைப்பிற்குள் வந்தன. 1957 முதல் நாட்டின் பல நகரங்களில் நாள்நேரப் பயிற்சி நிலையங்களும், 1960களில் வட்டாரப் பயிற்சி நிலையங்களும் தொடங்கப்பெற்றன. தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களும் மற்றப் பள்ளி ஆசிரியர்களும் ஒரே வகையான பயிற்சியைப் பெறும் நிலை படிப்படியாக உருவாயிற்று. பின்னர் இவை மக்தப் பெர்குருவான் எனப் பெயர் பெற்றன. நானும் அத்தகையதொரு கல்லூரியில் பயின்றவனே. இன்று அவை ஆசிரியர் கல்விக் கழகங்களாக உயர்ந்து, பட்டம் வழங்குகின்றன. நம் ஜொகூர் மாநிலத்தில் ஜொகூர் பாருவில் தெமெங்கோங் இப்ராகிம் வளாகமும், பத்து பகாட்டில் துன் உசேன் ஓன் வளாகமும் உள்ளன. சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியோ 1997ஆம் ஆண்டில் பல்கலைக்கழகமாகி, இன்று தமிழ்மொழிக் கல்வியிலும் பட்டம் வழங்குகின்றது.

பெற்றோர்களே, இதன் பொருளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். தோட்டப் பள்ளிகள் பலவற்றின் நிலம் தோட்ட நிர்வாகத்திற்கு உரியது. ஆகவே அவை பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே இருந்து வந்தன. கட்டட வளர்ச்சியில் பின்தங்கின. ஆனால் அப்பள்ளிகளின் ஆசிரியர்களுக்குச் சம்பளம் வழங்குவது அரசாங்கம். அவர்கள் பெற்ற பயிற்சி நகரத்து ஆசிரியர் பெற்ற அதே பயிற்சி. "தோட்டப் பள்ளிதானே" என்று எளிதாகக் கூறுவோர் சுவரையும் கூரையையும் பார்த்துக் கூறுகின்றனர். வகுப்பினுள் நிற்பவரைப் பார்த்தால் அவ்வாறு கூறமாட்டார்கள். நம் மூத்தோருக்குக் கிட்டாத ஒன்று நம் பிள்ளைகளுக்குக் கிட்டியிருக்கின்றது. அதனைப் பயன்படுத்திக்கொள்ளப் பிள்ளைகளை நாள் தவறாது பள்ளிக்கு அனுப்புங்கள்.

மாணவர்களே, உங்களுள் எவரேனும் ஆசிரியராக விரும்பினால், அதற்கான வழி இங்கேயே தொடங்குகின்றது. இடைநிலைப் பள்ளிக்குச் சென்றபின் தமிழ்மொழிப் பாடத்தைக் கைவிட்டுவிடாதீர்கள். எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியை எடுத்து நன்கு தேறாதவர், தமிழ்ப் பள்ளி ஆசிரியராகப் பயிற்சி பெற இயலாது. இடைநிலைப் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லையெனில் பெற்றோர் வாளாவிருத்தல் வேண்டா. குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், இயன்றவரை அவ்வகுப்பை நடத்த வேண்டுமென்று 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் கூறுகின்றது. எண்டாவ், ஜெமாலுவாங் எனப் பரந்து கிடக்கும் இவ்வட்டாரத்தில் பதினைந்து பேரைச் சேர்ப்பது எளிதன்று. ஆனால் சேர்த்தால் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

ஒரு வேண்டுகோள்

கிர்க்பிக் கல்லூரி பத்தே ஆண்டுகள் நடந்தது. எனினும் அதன் வரலாறு இன்றும் பேசப்படுகின்றது. அங்கே பயின்றவர்கள் ஒன்றுகூடினர், நிழற்படங்களைப் பாதுகாத்தனர், தம் நினைவுகளை எழுதி வைத்தனர்.

நம் தோட்டப் பள்ளிகள் நூறாண்டு கண்டவை. 1957ஆம் ஆண்டில் நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று சற்றேறக்குறைய 530 உள்ளன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தும் பள்ளிகள் மூடப்பட்டன. சில பள்ளிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. மூடப்பட்ட பள்ளியோடு அங்கே கற்பித்தவரின் பெயரும் மறைந்துவிடுகின்றது. பயிற்சி இல்லாமலும், பின்னர் வார இறுதியில் பயிற்சி பெற்றும் நமக்கு எழுத்தறிவித்த அவர்களுக்குக் கல்லூரி எழுப்பிய கட்டடமும் இல்லை. எழுதி வைத்த வரலாறும் இல்லை.

ஆகவே ஒவ்வொரு குடும்பத்தாரையும் கேட்டுக்கொள்கின்றேன். உங்கள் வீட்டுப் பேழையில் பழைய வகுப்புப் படம், பள்ளி விடுப்புச் சான்றிதழ், தேர்ச்சி அட்டை எதுவேனும் இருந்தால் அதனை எறிந்துவிடாதீர்கள். பள்ளிக்குக் கொண்டு வாருங்கள். படியெடுத்துக்கொண்டு உங்களிடமே திருப்பித் தருவோம். படத்தில் உள்ள ஆசிரியரின் பெயரைத் தாத்தாவிடமோ பாட்டியிடமோ கேட்டு, அதன் பின்புறத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். எந்த ஆண்டு, எந்தத் தோட்டம், எந்த வகுப்பு என்பதையும் சேர்த்தெழுதுங்கள். மாணவர்கள் இதனை வரும் விடுமுறைக்குரிய பணியாக ஏற்றுச் செய்தல் வேண்டும். இவ்வாறு சேரும் பெயர்களை அடுத்த ஆண்டு மலரில் வரிசைப்படுத்தி அச்சிடுவோம்.